1951 கிரயப் பத்திரத்தில் உள்ள "மைல் 7/6" என்பது கிலோமீட்டரில் எவ்வளவு?

காரிமங்கலம் மாந்தோப்பு:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினைப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. தாத்தா 1951-இல் எழுதி வாங்கிய கிரயப் பத்திரத்தில் நிலம் இருக்கும் இடத்தை இப்படிக் குறித்திருக்கிறார்கள்: "சேலம் ஜில்லா, தருமபுரி – பாலக்கோடு ரஸ்தாவில் மைல் 7/6 கல்லுக்கு மேற்கே 2 செயின் 40 லிங்ஸ் தூரத்திலுள்ள கிணறும், ஷை கிணற்றைச் சேர்ந்த புஞ்சை கிழமேல் 5 செயின், தென்வடல் 4 செயினும்." நாற்சீமையில் சொல்லப்பட்ட பக்கத்து நிலத்துக்காரர்களின் பெயர்களில் இன்று அங்கே யாரும் இல்லை. கிணறும் தூர்ந்துபோய்விட்டது.

இந்த 7/6 என்பதை வீட்டில் ஆளுக்கொரு விதமாகப் படிக்கிறார்கள். பெரியப்பா அதை 7.6 மைல் என்று எடுத்துக்கொண்டு 12.23 கிலோமீட்டர் என்கிறார். மாமா இன்றைய சாலைக் கற்களில் இருப்பதைப் போல 7 கிலோமீட்டர் 600 மீட்டர் என்று படிக்கிறார். கல்லூரியில் படிக்கும் தங்கை, ஏழின் கீழ் ஆறு என்பது பின்னம்தானே, அப்படியானால் ஒரு மைலும் ஆறில் ஒரு பங்கும் என்று கேட்கிறாள். இந்த மூன்றும் மூன்று வேறு ஊர்களில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. விவரம் அறிந்தவர்கள் கணக்கை எனக்குப் புரியும்படி விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளர்:

தம்பிக்கு வணக்கம். உங்கள் பத்திரத்தில் இருப்பது 7 மைல் 6 பர்லாங்கு. அந்தச் சாய்கோட்டுக்கு இடப்பக்கம் முழு மைல், வலப்பக்கம் அந்த மைலைக் கடந்த பிறகு வரும் பர்லாங்கு. அதைத் தசமப்புள்ளியாகவோ வகுத்தல் குறியாகவோ படிக்கக் கூடாது. சாலைக் கணக்கில் இடத்தைச் சுட்டுவதற்கு அப்படி எழுதுவதே அன்றைய வழக்கம்.

ஒரு மைலுக்கு 8 பர்லாங்கு. மைல்கல் பெரியதாகவும், இடையில் வரும் பர்லாங்குக் கற்கள் சிறியதாகவும் இருக்கும். சின்னக் கல்லில் 1 முதல் 7 வரை ஓர் எண் மட்டுமே இருக்கும். எட்டாவது கல் வர வேண்டிய இடத்தில் அடுத்த மைல்கல் வந்துவிடும். ஆகவே மைல் கணக்கில் எழுதப்பட்ட குறிப்பில் சாய்கோட்டுக்குப் பிறகு 8-ஓ 9-ஓ வரவே வராது. அப்படி வந்திருந்தால் அது கிலோமீட்டர் கணக்கு என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் மாமா படித்த முறை இன்றைய சாலைக்குச் சரியானதுதான். இப்போது ஒரு கிலோமீட்டர் கல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே 200 மீட்டருக்கு ஒரு கல் நட்டு 2, 4, 6, 8 என்று எழுதுகிறோம். இன்று 7/6 என்றால் 7 கிலோமீட்டர் 600 மீட்டர் என்றுதான் பொருள். ஆனால் உங்கள் பத்திரம் 1951-ஆம் ஆண்டுடையது. மெட்ரிக் அளவுகளுக்கான எடை, அளவுச் சட்டமே 1956-இல்தான் வந்தது. 1958 அக்டோபர் முதல்தான் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே அந்த எழுத்தர் கிலோமீட்டரை மனதில் வைத்து எழுதியிருக்க வழியே இல்லை.

இனிக் கணக்கு. ஒரு மைல் 1.609344 கிலோமீட்டர், ஒரு பர்லாங்கு 201.168 மீட்டர். ஏழு மைலுக்கு 11,265.408 மீட்டர், ஆறு பர்லாங்குக்கு 1,207.008 மீட்டர். கூட்டினால் 12,472.416 மீட்டர், அதாவது 12 கிலோமீட்டர் 472 மீட்டர். பெரியப்பா சொன்ன இடத்திலிருந்து இது 241 மீட்டர் தள்ளியும், மாமா சொன்ன இடத்திலிருந்து ஏறக்குறைய 4.9 கிலோமீட்டர் தள்ளியும் இருக்கிறது.

ஊத்தங்கரை கணக்கு ஆசிரியை:

ஐயா சொன்னதில் மாற்றம் ஏதும் இல்லை. பெரியப்பாவின் கணக்கு எந்த இடத்தில் பிசகுகிறது என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் இதே பிசகை நான் தொடர்ந்து பார்க்கிறேன். தசமப்புள்ளிக்குப் பிறகு வரும் முதல் இலக்கம் பத்தில் எத்தனை பங்கு என்று சொல்கிறது. மைலைப் பத்தாகப் பிரித்திருந்தால் 7 மைல் 6 பங்கு என்பது 7.6 ஆகியிருக்கும். அதை எட்டாகப் பிரித்திருக்கிறார்கள். எனவே 6 பர்லாங்கு என்பது எட்டில் ஆறு, அதாவது நான்கில் மூன்று, அதாவது 0.75. விடை 7.75 மைல். மணிக்கணக்கில் இதை யாரும் தவறவிடுவதில்லை. 7 மணி 30 நிமிடத்தை 7.3 மணி என்று யாரும் சொல்வதில்லை. தூரம் என்று வந்தவுடன் கை தானாகப் புள்ளி வைத்துவிடுகிறது.

உங்கள் பத்திரத்திலேயே இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் இருக்கிறது. ஒரு செயினுக்கு 100 லிங்ஸ். ஆகவே 2 செயின் 40 லிங்ஸ் என்பதை 2.40 செயின் என்று எழுதலாம், அது சரியே. ஆனால் 2 செயின் 4 லிங்ஸ் என்று இருந்தால் 2.04 என்றுதான் எழுத வேண்டும். ஒரே வாக்கியத்தில் எட்டால் பிரிக்கும் அளவும் நூறால் பிரிக்கும் அளவும் அடுத்தடுத்து வருவதால்தான் குழப்பம் நேர்கிறது. சிறிய அலகு பெரிய அலகில் எத்தனையில் ஒரு பங்கு என்பதைக் கேட்டுத் தெளிந்த பிறகே புள்ளி வைக்க வேண்டும்.

மாணவர்களுக்கு மைலைச் சொல்லிக்கொடுக்க நான் நம்முடைய பழைய பின்ன வாய்பாட்டையே பயன்படுத்துகிறேன். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி படித்தவர்கள் கால், அரை, முக்காலோடு நிற்காமல், அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று என்று மனப்பாடமாக வைத்திருந்தார்கள். இப்போது மைலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மைல் 5,280 அடி. அதில் அரைக்கால் பங்கு 660 அடி, அதுவே ஒரு பர்லாங்கு. காணிப் பங்கு 66 அடி, அதுவே ஒரு செயின். முந்திரிப் பங்கு பதினாறரை அடி, அது ஆங்கிலேயர்கள் நிலம் அளந்த கோலின் நீளம். சரியாக 25 லிங்ஸ். இரண்டு நாட்டினரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததல்ல. பாதி, பாதியில் பாதி என்று இரண்டால் வகுத்துக்கொண்டே போவதும் அதனோடு ஓர் ஐந்தைச் சேர்ப்பதும் கையால் அளப்பவர்களுக்கு எங்கும் எளிதாக இருந்திருக்கிறது. எண்பது என்பது பதினாறு ஐந்து, முந்நூற்று இருபது என்பது அறுபத்து நான்கு ஐந்து.

இந்த வாய்பாட்டில் உங்கள் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். ஆறு அரைக்கால் என்பது முக்கால். ஆகவே 7/6 கல் என்பது ஏழே முக்கால் மைல் கல். பெரியப்பாவின் 7.6 என்பது ஏழரையும் இருமாவும். முக்காலுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு மும்மா, அதாவது இருபதில் மூன்று. மும்மா மைல் என்றால் பன்னிரண்டு செயின், 792 அடி, மீட்டரில் 241.4. ஐயா சொன்ன அதே 241 மீட்டர், கணிப்பொறி இல்லாமலே கிடைத்துவிடுகிறது.

காரிமங்கலம் மாந்தோப்பு:

மிக்க நன்றி, ஐயா. மிக்க நன்றி, அம்மா. ஏழே முக்கால் என்று சொன்னவுடன் பெரியப்பாவுக்கே விளங்கிவிட்டது. அவருக்கு மாகாணி வரை வாய்பாடு தெரியும். கிணற்றுக்கான 2 செயின் 40 லிங்ஸ் 48.28 மீட்டர் என்று கணக்கிட்டேன். அடியில் 158.4. இது சரிதானா? ஐந்து செயினுக்கு நான்கு செயின் என்ற பரப்பைப் பட்டாவோடு எப்படி ஒப்பிடுவது? பட்டாவில் ஹெக்டேரும் ஏரும்தான் இருக்கின்றன.

பர்கூர் நில அளவை:

உங்கள் 48.28 மீட்டர் சரி. ஒரு செயின் 20.1168 மீட்டர், அதை 2.4 ஆல் பெருக்கினால் 48.28 வரும்.

பரப்புக் கணக்குதான் இந்தச் செயினின் உண்மையான பயன். எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1620 வாக்கில் 66 அடி நீளமும் நூறு இணைப்புகளும் கொண்ட சங்கிலியை வகுத்தார். ஏக்கர் என்பது ஒரு பர்லாங்கு நீளமும் ஒரு செயின் அகலமும் கொண்ட நிலம், அதாவது பத்துச் சதுர செயின். எனவே நீளத்தையும் அகலத்தையும் செயினில் பெருக்கிப் பத்தால் வகுத்தால் ஏக்கர் வந்துவிடும். உங்களுக்கு ஐந்து நான்கு இருபது, பத்தால் வகுத்தால் இரண்டு ஏக்கர். ஒரு சதுர செயினுக்குப் பத்து சென்ட் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 66 அடியை 66 அடியால் பெருக்கினால் 4,356 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

மெட்ரிக்கில் பார்த்தால் கிழமேல் 100.58 மீட்டர், தென்வடல் 80.47 மீட்டர், பரப்பு 8,094 சதுர மீட்டர். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஆகவே ஏறக்குறைய 81 ஏர். உங்கள் பட்டாவில் 0.81 ஹெக்டேரை ஒட்டி ஓர் எண் இருந்தால் அது இதே நிலமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய புலப்படங்களில் எல்லைக் கோட்டின் மேல் எழுதப்பட்ட அளவுகள் லிங்ஸில் இருக்கும், புதியவற்றில் மீட்டரில் இருக்கும். 500 என்று எழுதியிருப்பதைப் பார்த்து 500 மீட்டர் என்று எண்ணிவிடக் கூடாது; லிங்ஸ் என்றால் அது ஐந்து செயின், நூறு மீட்டரும் கொஞ்சமும் மட்டுமே. படத்தின் ஓரத்தில் அலகு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஓசூர் தினப்பயணி:

இவ்வளவு நுணுக்கம் அன்றாடத்துக்குத் தேவைப்படுமா என்று தெரியவில்லை. நான் 5 மைலுக்கு 8 கிலோமீட்டர் என்ற ஒரே விகிதத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றிக்கொள்கிறேன். 1, 2, 3, 5, 8, 13, 21 என்று முந்தைய இரண்டையும் கூட்டி அடுத்ததைப் பெறும் வரிசையில் ஓர் எண் மைல் என்றால் அதற்கடுத்த எண் ஏறக்குறைய கிலோமீட்டராக இருக்கும். 13 மைலுக்கு 21 கிலோமீட்டர், உண்மையில் 20.92. அந்த வரிசையின் அடுத்தடுத்த எண்களின் விகிதம் 1.618-ஐ நோக்கிப் போவதும், மைலின் விகிதம் 1.609 ஆக இருப்பதும்தான் காரணம். சாலையைப் பொறுத்தவரை பர்லாங்கை 200 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் போதாதா?

ஊத்தங்கரை கணக்கு ஆசிரியை:

பயணத்துக்குத் தாராளமாகப் போதும். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். உங்கள் விகிதப்படி 28.75 மைல், துல்லியமாகப் பார்த்தால் 28.58 மைல். பேருந்தில் போகிறவருக்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டே அல்ல.

நிலத்துக்கு அது போதாது. பர்லாங்கை 200 மீட்டராக எடுப்பதும் மைலை 1.6 கிலோமீட்டராக எடுப்பதும் ஒன்றேதான்; எட்டு இருநூறு ஆயிரத்து அறுநூறு. இரண்டிலும் மைலுக்கு 9.344 மீட்டர் விடுபடுகிறது. ஏழே முக்கால் மைலுக்குள் அது 72 மீட்டர் ஆகிவிடும். கேள்வி கேட்டவரின் நிலம் தென்வடலாக மொத்தமே 80 மீட்டர்தான். பாலக்கோடு சாலை அந்தப் பகுதியில் பெரும்பாலும் வடக்கு நோக்கிப் போவதால், 72 மீட்டர் பிசகினால் கிட்டத்தட்ட முழு நிலமும் அடுத்தவருடையதாகிவிடும். முதலில் 1.6 ஆல் பெருக்கிவிட்டு, பிறகு மைலுக்கு 9 மீட்டர் 34 சென்டிமீட்டர் வீதம் கூட்டிக்கொள்ளுங்கள். மனக்கணக்காகவே செய்துவிடலாம், விடையும் பிசகாது.

தகடூர் கல்வெட்டு ஆர்வலர்:

தூரத்தைக் கல்லில் எழுதும்போது படிப்பவர் பிழையாகப் படித்துவிடக் கூடாது என்ற அக்கறை நம் மாவட்டத்தில் மைல்கற்களுக்கு மிகவும் முந்தியது. அதியமான் பெருவழியில் நடப்பட்ட, 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காதக்கல் ஒன்று நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று சொல்கிறது. அந்த எண்ணைத் தமிழ் இலக்கத்தில் பொறித்ததோடு, எழுத்தறியாதவரும் எண்ணிப் பார்க்கும்படி கல்லில் குழிகளாகவும் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு பெரிய குழிகள், ஒன்பது சிறிய குழிகள். பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. எது பெரிய அலகு, எது சிறிய அலகு என்பதைக் குழியின் அளவே சொல்லிவிடுவதால், இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பதினொன்று என்று சொல்ல யாருக்கும் தோன்றாது. இந்த இழையின் குழப்பம் முழுவதும் அந்தச் சாய்கோடு அப்படி எதையும் சொல்லாமல் நிற்பதால் வந்ததுதானே.

காதத்தை மைலாக மாற்றிச் சொல்லுங்கள் என்று யாரும் கேட்டுவிட வேண்டாம். காதம் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறிய அளவு. மைலும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. ரோமானியர்களின் மைல் ஆயிரம் இரட்டை அடிவைப்புகள், அவர்களுடைய அடியில் 5,000. இங்கிலாந்தில் நில அளவையெல்லாம் பர்லாங்கை ஒட்டி அமைந்திருந்ததால் பர்லாங்கை மாற்ற முடியாமல், 1593-இல் முதலாம் எலிசபெத் காலத்துச் சட்டம் மைலை எட்டுப் பர்லாங்காக நீட்டியது. 5,280 என்ற விந்தையான எண் வந்தது அதனால்தான்.

காரிமங்கலம் மாந்தோப்பு:

பட்டாவைப் பார்த்துவிட்டேன், 0.81 ஹெக்டேர்தான். இனி ஒரே ஓர் ஐயம். 12.472 கிலோமீட்டரை எங்கிருந்து அளக்கத் தொடங்க வேண்டும்? இரண்டு சக்கர வண்டியின் மீட்டரை வைத்துத் தருமபுரிப் பேருந்து நிலையத்திலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்று மாமா சொல்கிறார்.

ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளர்:

அப்படிச் செய்ய வேண்டாம், தம்பி. அதில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. ஒரு சாலையின் சுழியம் அந்தச் சாலை பிரியும் சந்திப்பிலிருந்து தொடங்குவது வழக்கம். பேருந்து நிலையத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பதில்லை. அடுத்தது, 1951-க்குப் பிறகு சாலைகளில் வளைவுகளை நேராக்கியிருப்பார்கள், பாலத்துக்காகச் சில இடங்களில் தள்ளிப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு திருத்தமும் மொத்த நீளத்தில் சில மீட்டரைக் குறைக்கும் அல்லது கூட்டும். அதனால் அன்றைய 12.472 கிலோமீட்டர் இன்றைய கல்லில் அதே எண்ணாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மூன்றாவது, வண்டி மீட்டர் நூறு மீட்டருக்குக் கீழே எதையும் காட்டாது. சக்கரத்தின் தேய்மானத்துக்கு ஏற்பவும் மாறும்.

நீங்கள் செய்ய வேண்டியது தலைகீழான வேலை. அந்தத் தூரத்தை வைத்து எந்தக் கிராமத்தின் எல்லைக்குள் நிலம் வருகிறது என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அதற்கு 12.472 தாராளமாக உதவும்; 7.6 கிலோமீட்டர் என்ற கணக்கு அந்த அளவிலேயே தள்ளுபடியாகிவிடும். பிறகு பட்டாவில் உள்ள புல எண்ணுக்கான புலப்படத்தை எடுத்து, அதில் ஐந்துக்கு நான்கு செயின் அளவுகளோ 100.6-க்கு 80.5 மீட்டர் அளவுகளோ பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பழைய புலப்படங்கள் சிலவற்றில் கிணறும் குறிக்கப்பட்டிருக்கும். கிணற்றிலிருந்து சாலை ஓரம் வரை 48 மீட்டரை ஒட்டி வந்தால், பர்லாங்குக் கல் நின்ற இடமும் தானாகவே தெரிந்துவிடும்.

அது பொருந்திய பிறகு வட்ட அலுவலகத்தில் நில அளவைக்கு விண்ணப்பம் கொடுங்கள். விண்ணப்பத்தில் புல எண்ணை மட்டும் எழுதுங்கள், மைலை எழுத வேண்டாம். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பழைய விவரத்தைச் சேர்ப்பதானால், "மைல் 7/6" என்று அப்படியே நகலெடுக்காமல் "7 மைல் 6 பர்லாங்கு" என்று விரித்து எழுதச் சொல்லுங்கள். எண்ணை மட்டும் எழுதிவிட்டால், அடுத்த தலைமுறையில் இதே கேள்வி 7.6 கிலோமீட்டர் என்ற விடையோடு திரும்ப வரும்.